அப்பா பேரில் வீடு, கடன் என் பேரில்: புதுப்பிக்கிற செலவுக்கு வரிச்சலுகை யாருக்கு?

நங்கநல்லூர்வாசி:

வணக்கம். நங்கநல்லூரில் தனி வீடு. 1996இல் மனை வாங்கி 1998இல் அப்பா கட்டியது. தரைத்தளம் மட்டும், 1,050 சதுர அடி. பத்திரம், பட்டா, சொத்து வரி எல்லாம் அப்பா பேரில்தான். அப்பா, அம்மா, நான், மனைவி, குழந்தை எல்லாரும் ஒன்றாக இருக்கிறோம்.

தை பிறந்ததும் வேலை தொடங்க எண்ணம். மொட்டை மாடித் தட்டோட்டை முழுக்கப் பெயர்த்து மறுபடி வெதரிங் கோர்ஸ் (மழை, வெயில் தாங்க மேலே போடும் அடுக்கு), இரண்டு பாத்ரூமையும் உடைத்துப் புதிதாக, சமையலறை, வீடு முழுக்க வயரிங், கூடவே மாடியில் பாத்ரூமோடு 240 சதுர அடியில் ஓர் அறை. மேஸ்திரி 16 லட்சம் சொல்கிறார். பில் வேண்டுமென்றால் அதற்கு மேல் 18% ஜிஎஸ்டி என்கிறார். 10 லட்சம் வங்கிக் கடன், மீதி கைக்காசு. இஎம்ஐ நான்தான் கட்டப்போகிறேன்.

நான் பழைய வரிமுறையில் 30% ஸ்லாபில் இருக்கிறேன். அப்பாவுக்கு பென்ஷன் ஆண்டுக்கு 5.4 லட்சம், வேறு வருமானம் இல்லை. கடனுக்கான வட்டியை 2 லட்சம் வரை கழித்துக்கொள்ளலாம் என்று அலுவலகத்தில் சொன்னார்கள். அசலை 80சியில் (சேமிப்பு, வீட்டுக்கடன் அசல் போன்றவற்றுக்கான வருமான வரிக் கழிவுப் பிரிவு) காட்டலாமா? பில் இல்லாமல் செய்தால் பின்னால் என்ன சிக்கல் வரும்? விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

பேரேடு:

முதலில் வட்டி. வருமான வரிச் சட்டம் 24(பி)யில் 2 லட்சம் வரம்பு என்பது வீடு வாங்க, புதிதாகக் கட்ட எடுத்த கடனுக்கு. சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டைப் பழுதுபார்க்க, புதுப்பிக்க எடுத்த கடன் என்றால் வரம்பு 30,000 மட்டும். அதுவும் 2 லட்சத்துக்குள் அடக்கம். ஏற்கனவே ஒரு வீட்டுக்கடனுக்கு 2 லட்சம் காட்டுகிறவர் இதைத் தனியாகக் கூட்ட முடியாது. புதிய வரிமுறையில் இருப்பவருக்குக் குடியிருக்கும் வீட்டின் வட்டிக்குக் கழிவே கிடையாது.

உங்கள் விஷயத்தில் அந்த 30,000கூட இல்லை. வீட்டின் உரிமையாளருக்கு மட்டுமே 24(பி) பொருந்தும். கடன் உங்கள் பேரில் இருக்கலாம், இஎம்ஐ உங்கள் சம்பளத்தில் போகலாம், வங்கி உங்களை முதல் கடன்தாரராகவும் அப்பாவை இணைக் கடன்தாரராகவும் போடலாம். பத்திரத்தில் பெயர் இல்லாதவரை உங்களுக்கு ஒரு ரூபாயும் கழியாது. பலர் மாட்டிக்கொள்வது இங்கேதான். வங்கி கொடுக்கும் வட்டிச் சான்றிதழில் பொதுவாக வீட்டுக்கடன் என்றுதான் இருக்கும். அதை அலுவலகத்தில் கொடுத்தால், உரிமையாளர் யார், கடன் எதற்கு என்று கேட்காமல் 2 லட்சம் வரை கழித்துவிடுவார்கள். பிறகு துறை கேட்கும்போது நீங்கள்தான் பதில் சொல்ல வேண்டும். வருமானத்தைக் குறைத்துக் காட்டியதாகக் கொண்டால் அந்த வரியில் 50%, தவறாகச் சொன்னதாகக் கொண்டால் 200% அபராதம். இப்போதெல்லாம் ரிட்டர்னிலேயே கடன் கணக்கு எண், அனுமதித்த தேதி, நிலுவை எல்லாம் கேட்கிறார்கள், மறைந்து போகாது.

அசலுக்கு 80சி கிடையவே கிடையாது. வீடு கட்டி முடிந்து குடியேறிய பிறகு செய்யும் சேர்ப்பு, மாற்றம், பழுது ஆகியவற்றுக்கான செலவை அந்தப் பிரிவே நேரடியாக விலக்குகிறது.

அப்படியானால் அப்பா பேரில் கடன் வாங்கலாமே என்று தோன்றும். அதிலும் பயன் இல்லை. 5.4 லட்சம் பென்ஷனுக்குப் புதிய வரிமுறையில் 87ஏ தள்ளுபடியோடு (குறைந்த வருமானக்காரருக்கு வரியையே தள்ளும் பிரிவு) அவர் வரியே கட்ட வேண்டியதில்லை. வரி இல்லாதவருக்கு எதைக் கழிப்பது? (4 லட்சத்தைத் தாண்டுவதால் ரிட்டர்ன் மட்டும் போட வேண்டும்.)

செட்டில்மென்ட் பத்திரம் (விலை வாங்காமல் குடும்பத்தாருக்குச் சொத்தை எழுதிக் கொடுப்பது) எழுதி வீட்டை உங்கள் பேருக்கு மாற்றிவிட்டுக் கடன் வாங்கலாம் என்றும் யாராவது சொல்வார்கள். தமிழ்நாட்டில் குடும்பத்துக்குள் செட்டில்மென்ட்டுக்கு முத்திரைத்தாள் 1%, அதிகபட்சம் 40,000. பதிவுக் கட்டணம் 1%, அதிகபட்சம் 10,000. அவ்வளவு செலவு செய்து ஆண்டுக்கு 30,000 கழித்தால் உங்களுக்கு மிச்சம் செஸ்ஸோடு சேர்த்து 9,360 ரூபாய். இந்தத் தொகைக்காக ஒரு பெரியவர் தன் வீட்டை எழுதிக் கொடுக்கக் கூடாது. கூடப்பிறந்தவர்கள் இருந்தால் இன்னும் யோசியுங்கள். குடும்பத்தில் பேசி முடிவெடுத்து எழுதுவது வேறு விஷயம். வரிக்காக மட்டும் எழுத வேண்டாம்.

ஒரு குறிப்பு: நான் சொல்வது 1961ஆம் ஆண்டுச் சட்டத்தின் பிரிவு எண்கள். 1.4.2026 முதல் 2025ஆம் ஆண்டின் புதிய சட்டம் பொருந்தும். எண்கள் மாறும், 2 லட்சம், 30,000 வரம்புகள் அப்படியே இருக்கின்றன.

வில்லங்கம்பார்த்தவர்:

பேரேடு சொன்னது இன்றைய கணக்கு. வீடு புதுப்பிப்பதில் உண்மையான வரி விஷயம் விற்கும் நாளில்தான் வருகிறது. இன்று பில் வேண்டாம் என்று விடுபவர்கள் அன்றைக்குத்தான் வருந்துவார்கள்.

வீட்டில் நிலையாகச் சேர்த்த, மாற்றிய மூலதனச் செலவு "மேம்பாட்டுச் செலவு" என்று விற்பனை லாபத்திலிருந்து கழியும். ஒரு கணக்குப் போட்டுக் காட்டுகிறேன். 2009-10இல் 32 லட்சத்துக்கு வாங்கிய அடுக்ககம். 2018-19இல் 8 லட்சத்துக்கு மேம்பாடு. 2025-26இல் 95 லட்சத்துக்கு விற்பனை.

23.7.2024க்கு முன் வாங்கிய வீட்டை விற்கும் உள்நாட்டுத் தனிநபருக்கு இரண்டு கணக்கில் எது குறைவோ அந்த வரி போதும்: பணவீக்கக் குறியீடு (விலைவாசிக்கு ஏற்ப பழைய செலவை உயர்த்திக் காட்டும் எண்) இல்லாமல் 12.5%, அல்லது குறியீட்டோடு 20%. குறியீடு 2009-10க்கு 148, 2018-19க்கு 280, 2025-26க்கு 376.

குறியீடு இல்லாமல்: 95 − 40 = 55 லட்சம் லாபம், வரி 6,87,500.
குறியீட்டோடு: வாங்கிய விலை 81,29,730 ஆகிறது, மேம்பாடு 10,74,286 ஆகிறது. லாபம் 2,95,984 மட்டும். வரி 59,197.

இப்போது அந்த 8 லட்சத்துக்கு ஆதாரம் இல்லை, அதிகாரி ஏற்கவில்லை என்று வையுங்கள். லாபம் 13,70,270, வரி 2,74,054. ஒரு ஃபைல் நிறைய பில் இருக்கிறதா இல்லையா என்பதில் 2,14,857 ரூபாய் வித்தியாசம். செஸ் தனி.

உங்கள் வீடு 1.4.2001க்கு முந்தையது. அதனால் மனை வாங்கிய விலை, கட்டிய செலவுக்குப் பதில் 1.4.2001 அன்றைய சந்தை மதிப்பை எடுத்துக்கொள்ளலாம். அது அன்றைய முத்திரைத்தாள் மதிப்பைத் தாண்டக் கூடாது. அந்தத் தேதிக்குப் பிறகு செய்த மேம்பாடு மட்டும் கணக்கில் சேரும். வீடு பிற்காலத்தில் உங்களுக்கு வாரிசாகவோ செட்டில்மென்ட்டாகவோ வந்தாலும் அப்பாவின் விலை, அப்பா செய்த மேம்பாடு, அப்பா வைத்திருந்த காலம் மூன்றும் உங்களுக்கு அப்படியே வரும்.

"அப்பா செய்த மேம்பாடு" என்பதை அழுத்திச் சொல்கிறேன். சட்டம் பார்ப்பது விற்பவர் அல்லது முந்தைய உரிமையாளர் செய்த செலவை. நீங்கள் உரிமையாளர் ஆவதற்கு முன்பே உங்கள் பேரில் பில் வாங்கி உங்கள் கணக்கிலிருந்து மேஸ்திரிக்குக் கொடுத்தால், அது யார் செலவு என்ற கேள்வி எழும். அப்பா விற்றால் அவர் செலவு செய்யவில்லை. நீங்கள் விற்றால் செலவு செய்தபோது வீடு உங்களுடையது இல்லை. வாதாடலாம். ஆனால் வாதமே வராதபடி செய்வது சுலபம். பணத்தை உங்கள் கணக்கிலிருந்து அப்பா கணக்குக்கு மாற்றுங்கள். மகன் அப்பாவுக்குக் கொடுக்கும் அன்பளிப்புக்கு வரி இல்லை, உச்சவரம்பும் இல்லை. அன்பளிப்பு என்று ஒரு வெள்ளைத்தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போட்டு வையுங்கள். அங்கிருந்து மேஸ்திரிக்கும் கடைகளுக்கும் போகட்டும். பில் எல்லாம் அப்பா பேர், வீட்டு முகவரியோடு. கடனாகக் கொடுப்பதாக இருந்தால் 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கொடுக்கவே கூடாது.

எது மேம்பாடு, எது வெறும் பழுது? மாடி அறை சந்தேகமில்லாமல் மேம்பாடு. பாத்ரூமை உடைத்துக் குழாய், டைல், தரை எல்லாம் புதிதாகப் போட்டது, சுவரில் பொருத்திய சமையலறை, முழு வயரிங் மாற்றம் ஆகியவற்றைக் கோரலாம். பில்லில் விவரம் இருந்தால் நிற்கும். பெயிண்ட் அடித்தது, ஒழுகலுக்குப் பூச்சு அடித்தது, உடைந்த டைலை மாற்றியது இவை பழுதுதான். ஃபிரிட்ஜ், ஏசி, கட்டில், திரைச்சீலை எல்லாம் வீட்டில் சேராது. உங்கள் வெதரிங் கோர்ஸ் இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது. பழையதைப் பெயர்த்து அதேபோல் போட்டால் பழுது என்று சொல்ல வாய்ப்பு அதிகம். நானாக இருந்தால் அதைத் தனி பில்லாக வாங்குவேன். அது தள்ளுபடியானாலும் மற்றவற்றை இழுத்துக்கொண்டு போகாது.

செங்கல்சூளைமேடு:

பில் எப்படி வாங்குவது என்பதைச் சொல்கிறேன், ஏனென்றால் சைட்டில் கெட்டுப்போவது அங்கேதான்.

"புதுப்பிக்கும் பணி – 1 – ரூ.16,00,000" என்று ஒரே வரியில் கொடுத்தால் அந்த பில் எதற்கும் ஆகாது. இப்படி இருக்க வேண்டும்: பாத்ரூம் 1, பழைய டைல் உடைத்து அப்புறப்படுத்த, இத்தனை சதுர அடி, குழாய் மறைவாகப் பதிக்க, இத்தனை ரன்னிங் அடி, நீர்க்கசிவுத் தடுப்பு இத்தனை சதுர அடி, சுவர் டைல் இத்தனை சதுர அடி, விலை. மாடி அறை தனி பில். வெதரிங் கோர்ஸ் தனி பில். வேலை தொடங்கும் முன் எஸ்டிமேட்டில் இதே தலைப்புகள் இருந்தால் பில்லிலும் தானாக வந்துவிடும். மேஸ்திரிக்கு எழுத வராவிட்டால் நீங்களே டைப் செய்து கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள்.

ஜிஎஸ்டி பற்றி. பொருளும் கூலியும் சேர்த்து எடுத்தால் அது ஒர்க்ஸ் கான்ட்ராக்ட், 18%. ஆனால் 18% கேட்பவரிடம் ஜிஎஸ்டி பதிவு இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். ஆண்டு வரவு 20 லட்சத்துக்குள் இருக்கும் மேஸ்திரி பதிவு செய்ய வேண்டியதில்லை, பதிவு செய்யாதவர் ஜிஎஸ்டி வசூலிக்கவும் கூடாது. பதிவு எண்ணை ஜிஎஸ்டி தளத்தில் போட்டால் பெயர், நடப்பில் இருக்கிறதா, காம்போசிஷனா (சிறு வியாபாரிகளுக்கான எளிய வரித்திட்டம்) என்று எல்லாம் வரும். காம்போசிஷன் என்றால் தனியாக வரி வசூலிக்க முடியாது. ரத்தான எண்ணை பில்லில் அச்சடித்து 18% வாங்கிப் போகிறவர்களும் உண்டு.

நடப்பில் உள்ள பதிவு வைத்திருப்பவர் என்றால் பேரம் பேச இடம் இருக்கிறது. பில் இல்லாத 16 லட்சத்தில் அவர் கடையில் சிமெண்ட்டுக்கும் டைலுக்கும் கட்டிய ஜிஎஸ்டி ஏற்கனவே ஒளிந்திருக்கிறது. பில் போட்டால் அதை அவர் உள்ளீட்டு வரவாக எடுத்துக்கொள்ளலாம், அதாவது தான் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். எனவே அடிப்படை விலை 16இலிருந்து இறங்க வேண்டும். 16 + 18% என்று அப்படியே கேட்டால் இரண்டு முறை வாங்குகிறார் என்று அர்த்தம்.

இந்த அளவு வேலைக்கு நான் சொல்லும் வழி வேறு: பொருளை நீங்களே வாங்குங்கள், மேஸ்திரிக்குக் கூலி மட்டும் பேசுங்கள். 22.9.2025 முதல் சிமெண்ட் 28%இலிருந்து 18%க்கு இறங்கிவிட்டது. கம்பி, டைல், பெயிண்ட், குழாய், வயர் எல்லாம் 18%. எம்-சாண்ட் 5%. இந்த பில்கள் எல்லாம் அப்பா பேரில் கச்சிதமாக வந்துவிடும். கடையில் "எஸ்டிமேட்" என்று தலைப்புப் போட்டு ஒரு துண்டுச்சீட்டு நீட்டுவார்கள். அது பில் இல்லை, டாக்ஸ் இன்வாய்ஸ் கேளுங்கள். ஹார்டுவேர் கடை வெப்ப அச்சு ரசீதுகள் நம் ஊர் வெயிலுக்கு இரண்டு கோடை தாங்காது, எழுத்து வெளுத்துத் தாள் மட்டும் மிஞ்சும். வாங்கிய அன்றே போட்டோ எடுத்து, ஒரு நகலும் எடுத்துவிடுங்கள்.

சனிக்கிழமைக் கூலிதான் அடுத்த ஓட்டை. கொத்தனார், சித்தாள், பிளம்பர் என்று மேஸ்திரி கையில் ரொக்கமாகப் போகும் பணம் வேலை முடியும்போது லட்சக்கணக்கில் நிற்கும், ஒரு காகிதமும் இருக்காது. வாரம் ஒரு வவுச்சர் போடுங்கள்: தேதி, எத்தனை ஆள், எத்தனை நாள், எந்த வேலை, தொகை, மேஸ்திரி கையெழுத்து, ஆதார் அல்லது பான் எண். 5,000 ரூபாய்க்கு மேல் என்றால் ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டிக் கையெழுத்து. யுபிஐயில் அனுப்பினால் குறிப்பில் "மாடி அறை – செங்கல் கட்டுமானக் கூலி" என்று எழுதுங்கள். பத்து வருடம் கழித்து வங்கி ஸ்டேட்மென்ட்டில் வெறும் பெயரைப் பார்த்து எதற்குக் கொடுத்தோம் என்று யாருக்கும் நினைவிருக்காது. ஒரே வேலைக்கு 2 லட்சமோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கக் கூடாது என்று சட்டம், அபராதம் வாங்குபவருக்கு. துண்டு துண்டாகக் கொடுத்தாலும் ஒரே வேலை என்றால் சேர்த்துத்தான் பார்ப்பார்கள்.

உடைக்கும் முன், உடைத்த பின், கம்பி கட்டியபோது, பூசிய பின் என்று தேதியோடு படம் எடுத்து வையுங்கள். முடிந்ததும் ஒரு சிவில் இன்ஜினியரிடம் அளவுகளோடு சான்று வாங்கினால் ஃபைல் முழுமை.

நங்கநல்லூர்வாசி:

மிகவும் நன்றி. இரண்டு விஷயம் விட்டுப்போனது. ஒன்று, நான் அப்பாவுக்கு வாடகை கொடுத்து எச்ஆர்ஏ (சம்பளத்தில் வரும் வீட்டு வாடகைப்படிக்கான வரிவிலக்கு) காட்டலாமா? இரண்டு, மாடி அறைக்கு மாநகராட்சி சொத்து வரி கூடுமா? அட்வான்ஸ் 1 லட்சம் ஏற்கனவே என் கணக்கிலிருந்து மேஸ்திரிக்கு யுபிஐ செய்துவிட்டேன், அதை என்ன செய்வது?

பேரேடு:

எச்ஆர்ஏ காட்டலாம். உங்கள் நிலைமையில் வட்டிக் கழிவைவிட அதுதான் கனமானது. உதாரணத்துக்கு உங்கள் பேசிக் மாதம் 60,000, வாடகை மாதம் 20,000 என்று வைப்போம். ஆண்டு வாடகை 2.4 லட்சத்தில் சம்பளத்தின் 10% ஆன 72,000 போக 1.68 லட்சம் விலக்கு. அலுவலகம் தரும் எச்ஆர்ஏ, பேசிக்கில் 50% இரண்டும் இதைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் ஸ்லாபில் மிச்சம் 52,416. அப்பா பக்கம் 2.4 லட்சத்தில் 30% பராமரிப்புக் கழிவு போக 1.68 லட்சம் வருமானம். பென்ஷனோடு சேர்த்தும் புதிய வரிமுறையில் 12 லட்சத்துக்கு வெகு கீழே, வரி இல்லை.

ஆனால் அது நிஜமான வாடகையாக இருக்க வேண்டும். மாதாமாதம் வங்கி வழியாக, ஒப்பந்தம் எழுதி, எந்தப் பகுதி உங்களுக்கு என்று குறிப்பிட்டு, அப்பா ரிட்டர்னில் வாடகை வருமானம் காட்டி. ஆண்டு வாடகை 1 லட்சத்தைத் தாண்டுவதால் அலுவலகத்தில் அப்பாவின் பான் கேட்பார்கள். மார்ச்சில் பன்னிரண்டு ரசீதை ஒரே மையில் எழுதிக் கொடுப்பது, வாடகையாக அனுப்பிய பணம் அடுத்த நாளே திரும்பி வருவது இரண்டையும் செய்யாதீர்கள். முக்கியமாக, வாடகையையும் வேலைக்கான அன்பளிப்பையும் ஒரே தொகையாக அனுப்பாதீர்கள். தனித்தனித் தேதி, தனித்தனிக் குறிப்பு.

வாடகைக்கு விட்ட பகுதிக்கு, அப்பா தானே வட்டிக்குக் கடன் வாங்கியிருந்தால் அந்த வட்டிக்கு 30,000 வரம்பு இல்லை; புதிய வரிமுறையிலும் வாடகை வருமானம் வரை கழியும். அவருக்கு வரியே இல்லாததால் இப்போது தேவைப்படாது.

அட்வான்ஸுக்கு: மேஸ்திரியிடம் அப்பா பேரில் ரசீது வாங்குங்கள். "வீட்டு உரிமையாளர் இன்னார் சார்பில் அவர் மகன் யுபிஐ மூலம் செலுத்தியது" என்று பரிவர்த்தனை எண்ணோடு எழுதச் சொல்லுங்கள். அன்பளிப்புக் கடிதத்தில் இந்த 1 லட்சத்தையும் சேர்த்துவிடுங்கள். அடுத்த தவணையிலிருந்து அப்பா கணக்கு வழியாகப் போகட்டும்.

வில்லங்கம்பார்த்தவர்:

சொத்து வரி: உள்ளே டைல், வயரிங், பாத்ரூம் எதை மாற்றினாலும் வரி உயராது. கட்டடப் பரப்பு கூடினால் உயரும். 1,050 சதுர அடி 1,290 ஆகிறது, அந்த 240க்கு மறுமதிப்பீடு உண்டு. வேலை முடிந்ததும் நீங்களே மண்டல அலுவலகத்திலோ மாநகராட்சி இணையதளத்திலோ கூடுதல் பரப்பைத் தெரிவித்துவிடுங்கள். பின்னால் விற்கும்போது ரசீதில் உள்ள பரப்பும் இடத்தில் உள்ள பரப்பும் பொருந்தாவிட்டால் வாங்குபவரின் வங்கி நிறுத்தி வைக்கும். நீங்கள் மேம்பாடு என்று கோரும் அறை பதிவேட்டிலேயே இல்லாமல் இருப்பதும் நல்லதல்ல. அதே காரணத்துக்காகக் கட்ட அனுமதியும் முன்கூட்டியே வாங்குங்கள். வரி அரையாண்டுக்கு ஒருமுறை. ஏப்ரல், அக்டோபர் முதல் 30 நாளுக்குள் கட்டினால் 5% ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000.

இன்னொன்று, தையில் தொடங்கும் வேலை மார்ச் 31ஐத் தாண்டும். குறியீடு செலவு செய்த நிதியாண்டைப் பொறுத்தது. எனவே ஃபைலை ஆரம்பத்திலேயே இரண்டாகப் பிரியுங்கள்: மார்ச் 31 வரை கொடுத்தது ஒன்று, ஏப்ரல் 1 முதல் கொடுத்தது இன்னொன்று.